ஒலிப்பதிவாளர் ஜோ மீக்

பெரிய மண்டபமும் கைதேர்ந்த நிபுணர் கூட்டமும் இன்றி நல்ல இசைத்தட்டு உண்டாகாதென்று 1950-களில் லண்டன் கம்பெனியார் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தை ஒரு வாடகை வீட்டிலிருந்து பொய்யாக்கியவர் ஜோ மீக் என்பவர்.

இவர் 1929-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5-ந் தேதி இங்கிலாந்தில் குளொஸ்டர்ஷயரைச் சேர்ந்த நியூவென்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறுவயதில் தோட்டத்துக் கொட்டகையே இவருடைய மின்சாரப் பாடசாலை. பின்னர் விமானப் படையில் ராடார் யந்திரங்களைக் கவனித்து, அதன்பின் லண்டன் ஒலிப்பதிவு நிலையங்களில் வேலைக்கமர்ந்தார். 1956-ல் ஹம்ப்ரி லிட்டல்டன் கோஷ்டியாரின் தட்டொன்றில் பியானோவின் தாழ்ந்த ஸ்வரங்களை மிதமிஞ்சி முழங்கச் செய்தார். லிட்டல்டனுக்கு அது உவப்பாயில்லை. தட்டோ நன்கு விலைபோயிற்று.

பிறர்கீழ் வேலைசெய்ய ஒவ்வாத சுபாவமுடையவராதலின், 1960-ல் ஹாலோவே வீதி 304-ம் இலக்கத்தில், தோற்சாமான் கடையொன்றின் மேலிருந்த மாடிகளில் தம் நிலையத்தை அமைத்தார். பிடில் வாசிப்போர் படிக்கட்டில் நிற்பர். பாடகர் குளியலறையில் பாடுவர். வீடே ஒரு வாத்தியமாயிற்றென்று நாம் சொன்னால் மிகையாகாது. சந்திர மண்டல வாழ்வைக் கற்பனை செய்து அவ்வாண்டு இவர் இயற்றிய இசையில், ஓடும் நீரும், குழல்வழி ஊதிய குமிழிகளும், பாதி நிரம்பிய பாற்புட்டிகளைக் கரண்டியால் தட்டும் ஓசையும் கேட்கும். அதன் முதற்பகுதி 99 பிரதிகளே வெளிவந்தது. முழுவதும் வெளிவர 1991 ஆயிற்று.

இவருக்கு ஸ்வரக் குறிப்பு எழுதவோ படிக்கவோ தெரியாது. நினைத்த மெட்டை வாயால் முனகிக் காட்ட, பிறர் அதை வாத்தியத்திலேற்றுவர். இவ்வாறு பிறந்ததே 1962-ல் டார்னடோஸ் குழுவினர் வாசித்த 'டெல்ஸ்டார்'. அவ்வாண்டு ஜூலையில் விண்ணேறிய செய்தித் துணைக்கோளின் பெயர் பூண்ட அது, அமெரிக்காவில் முதலிடம் பெற்ற முதல் பிரிட்டிஷ் குழுவின் தட்டாகும். 1964-ல் ஹனிகோம்ப்ஸ் குழுவினரை மரப்படிகளில் காலால் உதைக்கச் செய்து, கைப்பிடிச் சட்டத்தில் சைக்கிள் ஓட்டுவோர் கால்வளையங்களால் மைக்குகளைப் பொருத்தி, மற்றொரு முதலிடமும் பெற்றார். கீழ்வீட்டார் பட்ட பாட்டை நாமே ஊகிக்கலாம்.

டெல்ஸ்டாரின் பொருளோ இவர் கைக்கு வரவில்லை. பிரெஞ்சு இசையாசிரியர் ழான் லெத்ருய் தம் மெட்டு திருடப்பட்டதென்று வழக்கிட, உரிமைத்தொகை முடக்கப்பட்டது. கடன் மிகுந்தது, பிறர் தம் யுக்திகளைக் களவாட ஒட்டுக்கேட்கின்றனரென்னும் பிரமையும் முற்றியது. 1967 பிப்ரவரி 3-ந் தேதி, வீட்டின் உரிமைக்காரியைச் சுட்டுக் கொன்று, தாமும் உயிர் துறந்தார். வயது 37. மனநோயின் கொடுமையை நாம் அறிவோம்; எனினும் ஒரு குற்றமும் செய்யாத அம்மாதின் மரணத்தை இவர் புகழின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பது முறையன்று. வழக்கு இவர் பக்கமே தீர்ந்தது; கேட்க இவரில்லை.

எஞ்சியவை 67 தேயிலைப் பெட்டிகளில் அடைத்த 1,850-க்கு மேற்பட்ட காந்த நாடாக்கள். இவர் மறைந்தபின் அவையனைத்தும் 300 பவுனுக்கு விலைபோயின. பல்லாண்டு மூடிக் கிடந்த அப்பெட்டிகளை 2020-ல் செர்ரி ரெட் என்னும் இசைத்தட்டுக் கம்பெனியார் வாங்கினர்.