ஒரு சொல்லின் நீக்கமும் மோகன் குமாரமங்கலமும்

ஜமீன் குடும்பத்தில் 1916இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்று, பொதுவுடைமை இயக்கத்துக்காகச் சிறை சென்ற மோகன் குமாரமங்கலம், 1971இல் மத்திய எஃகு, சுரங்கத் துறை அமைச்சரானார். அரசு எடுக்கும் சொத்துக்கு ஈடான மதிப்பு தரப்பட வேண்டும் என வங்கி தேசியமய வழக்கில் உச்ச நீதிமன்றம் முந்தைய ஆண்டுதான் தீர்ப்பளித்திருந்தது. 25ஆவது திருத்தம், அரசமைப்பின் 31ஆம் பிரிவில் ‘இழப்பீடு’ என்ற சொல்லையே நீக்கி ‘தொகை’ என்றாக்கியது. அது போதாதென்று வழக்காடவும் தடை விதித்தது. சட்டம் கற்ற குமாரமங்கலம் அதை உறுதியாக ஆதரித்தார்.

நிலக்கரிச் சுரங்கங்கள் 1972, 1973ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாயின. ஒவ்வொரு சுரங்கத்துக்குமான தொகையைச் சட்டத்தின் அட்டவணையே நிர்ணயித்தது. தொழிலாளர் உயிரைப் பொருட்படுத்தாத முதலாளிகள் மீது எனக்குப் பரிவில்லை. ஆயினும், வாங்குபவரே விலையை எழுதி, முறையிடும் வாசலையும் அடைப்பது நியாய விலையாகாது.

தேசியமயம் 1973 மே 1இல் நடைமுறைக்கு வந்தது. மே 31இல் டெல்லி விமான விபத்தில் அவர் மறைந்தார்.