ஏறநாட்டு மக்களும் காயிதே மில்லத்தும்

திருநெல்வேலிப் பேட்டையில் 1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் பிறந்த முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களைத் தமிழகம் காயிதே மில்லத் என்றே அறியும். அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காக வாதாடியவர் என்றும், முஸ்லிம்களின் ஷரீஅத் சட்டத்தைக் காக்கத் திருத்தம் கொணர்ந்தவர் என்றும் நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஆயினும் அன்னார் தம் வாழ்வின் கடைசிப் பத்தாண்டுகளில் எந்த மக்களின் பிரதிநிதியாக மக்களவையில் அமர்ந்திருந்தார் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அது நெல்லை அன்று, சென்னையும் அன்று; மலையாள மண்ணிலுள்ள மஞ்சேரி.

தந்தையார் மியாகான் ராவுத்தர் வணிகர். மார்க்க அறிவும் உடையவர். அந்த வளர்ப்பின் பயனாகப் பதின்மூன்று வயதிலேயே சொந்த ஊரில் முஸ்லிம் இளைஞர் சங்கம் கண்டார் இஸ்மாயில். 1918இல் ஆலிம்களை ஒன்றுகூட்டி மஜ்லிஸுல் உலமாவை அமைக்க முன்னின்றார். ஒத்துழையாமை இயக்கத்தின்போது பட்டப் படிப்பைத் துறந்தார். பின்னர் தோல் வணிகத்தில் ஈடுபட்டுச் சென்னைவாசியானார்.

மலபார் அன்று சென்னை மாகாணத்தின் ஒரு ஜில்லா. அதில் ஏறநாடும் வள்ளுவநாடும் 1921ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் பட்ட பாடு சொல்லி மாளாது. திரூரில் காற்றுப் புகாத சரக்கு வண்டியில் அடைக்கப்பட்ட மாப்பிள்ளைமார்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறி மடிந்தனர். அவ்வண்டியின் கதவு திறக்கப்பட்டது நம் கோவையை அடுத்த போத்தனூரில். எத்தனையோ பேர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். சம்பாதிக்கும் ஆண்மகன் இல்லாத குடும்பங்கள், யத்தீம் குழந்தைகள், ஏட்டுக் கல்வியின் வாசனையறியாத கிராமங்கள், இவையே எஞ்சின. மக்தூம்களின் கல்வியால் சிறிய மக்கா எனப் பெயர் பெற்ற பொன்னானியும் அந்த வட்டாரமே. அம்மக்தூம்களின் மூதாதையர் மஃபர் எனப்பட்ட நம் தமிழ்க் கடற்கரையிலிருந்து கொச்சி வழியாகச் சென்றவர்கள் என்பர். ஆகவே உறவு புதிதன்று.

1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக வீற்றிருந்த காயிதே மில்லத், மலபார் உறுப்பினர்களையும் சேர்த்தே வழிநடத்தினார். நாடு பிரிந்தபின், இனி முஸ்லிம்களுக்கு ஓர் அரசியல் அமைப்பு வேண்டுமா என்று அஞ்சி ஒதுங்கியோர் பலர். 1948 மார்ச் 10ஆம் நாள் சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் லீகைத் தொடர்வதென முடிவாயிற்று. அம்முடிவுக்கு உறுதியாகத் தோள் கொடுத்தவர்கள் மலபார் மக்கள். பிற மாநிலங்களில் கொடி சுருண்டபோதும் அவர்கள் கைவிடவில்லை. தேர்தல்தோறும் தங்கள் ஊர் வழக்கறிஞர் போக்கர் சாஹிபை மக்களவைக்கு அனுப்பினர். ஆறாண்டுகள் மாநிலங்களவையில் பணியாற்றியிருந்த காயிதே மில்லத், 1962இல் மஞ்சேரியில் போட்டியிட்டபோது அவரையும் தம்மவராகவே ஏற்றனர். அவருடைய தாய்மொழி தமிழ், அவர்களுடையது மலையாளம். 1967இலும் 1971இலும் பெரும் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வாக்களித்தவர்களின் நம்பிக்கையை அமானிதமாகக் கருதியவருக்குத்தான் இது வாய்க்கும்.

அந்த அமானிதம் சோதனைக்குள்ளானது 1967இல். கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் ஏழு கட்சிகள் சேர்ந்து அரசமைத்தன. லீகும் அவற்றுள் ஒன்று. இறைமறுப்புக் கொள்கையினரோடு கூட்டா என்ற கேள்வி, நம் போன்ற ஆலிம்களின் உள்ளத்தில் எழுவது இயல்பே. கொள்கையில் உடன்பாடு வேறு, மக்கள் நலனுக்கான உடன்படிக்கை வேறு என்பதே அகில இந்தியத் தலைவரான அவர் மேற்கொண்ட வழி. அதை நான் சரியெனவே கருதுகிறேன். ஈமானை அடகு வைக்காமல் ஏழையின் உரிமையைப் பெறுவதற்கு மார்க்கத்தில் தடை இல்லை.

பலன் விரைவில் தெரிந்தது. சி.எச். முஹம்மது கோயா கல்வி அமைச்சரானார். 1968இல் கோழிக்கோடு பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் வளாகம் அமைந்தது தேஞ்ஞிப்பலத்தில். அதே ஆண்டு திரூரங்காடியில் யத்தீம்கானாவின் முயற்சியால், போக்கர் சாஹிபின் நினைவாக ஒரு கல்லூரி எழுந்தது. அடுத்து வந்தது மாவட்டக் கோரிக்கை. ஏறநாட்டான் கோழிக்கோட்டுக்கும் பொன்னானிக்காரன் பாலக்காட்டுக்கும் அலைந்துகொண்டிருந்த காலம் அது. பின்தங்கிய அந்தத் தாலுகாக்களைச் சேர்த்துத் தனி மாவட்டம் வேண்டும் என்றதும் பெருங்கூச்சல் கிளம்பிற்று. நாட்டைத் துண்டாடும் சூழ்ச்சி என்றனர். மற்றொரு பாகிஸ்தான் என்றனர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்வதே குற்றம் என்றால், அவ்வூர்ப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? அம்மண்ணில் வாழ்ந்த ஹிந்துக் குடியானவனும் அதே தூரம் நடந்து அதே கச்சேரி வாசலில்தானே காத்து நின்றான்! பாபகி தங்கள் போன்ற கேரளத் தலைவர்கள் அசையாது நின்றனர். தேசத்தின் ஒற்றுமையில் காயிதே மில்லத்துக்கு இருந்த பற்றை ஐயுறப் பகைவராலும் இயலவில்லை. 1969 ஜூன் 16ஆம் நாள் ஏறநாடு, பெரிந்தல்மண்ணா, திரூர், பொன்னானி ஆகிய நான்கு தாலுகாக்களுடன் மலப்புறம் மாவட்டம் பிறந்தது.

அதன்பின் மூன்றாண்டுகூட அவர் வாழவில்லை. 1972 ஏப்ரல் 5ஆம் நாள், மஞ்சேரியின் உறுப்பினராக இருக்கும்போதே, சென்னையில் வஃபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச் சென்ற இடத்துக்கு 1973இல் நடந்த இடைத்தேர்தலில் மஞ்சேரி மக்கள் தேர்ந்தெடுத்தது சி.எச். முஹம்மது கோயாவை.