யானைப் பாதையில் கட்டிய வீடு: நடிகை விவியன் லீயின் வாழ்வு

1953ஆம் ஆண்டு ஜனவரி மாதம் உலகப் புகழ்பெற்ற ஆங்கில நடிகை ஒருவர் நம் நாட்டுக்கு வந்தார். அவர் பெயர் விவியன் லீ. மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தை நிலைக்களனாகக் கொண்ட ஹொலிவூட் படமொன்றில் நடிப்பதற்காக வந்த அவர், சில வாரங்களே இங்கு தங்கினார். மனம் குலைந்த நிலையில், படத்தை முடிக்காமலே அவர் தம் ஊருக்குத் திரும்ப நேர்ந்தது. படம் வேறொரு நடிகையைக் கொண்டு முடிக்கப்பட்டது.

அவரைப் பற்றி அக்காலத்தில் பலரும் பலவிதமாகப் பேசினர். ஆனால் அவர் பக்தியுள்ள கத்தோலிக்கத் தாயின் மகள் என்பதும், கன்னியர் மடத்தில் வளர்ந்தவர் என்பதும் நம்மவருள் பலர் அறியாதவை. அவருடைய வாழ்விலிருந்து நம் குடும்பங்கள் கற்றுக்கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. ஆகவே அதைச் சுருக்கமாக இங்கு தருகிறோம்.

படத்தின் கதை

அந்தப் படத்தின் பெயர் 'எலிபன்ட் வோக்', அதாவது யானை நடக்கும் வழி. ரொபர்ட் ஸ்டான்டிஷ் என்ற புனைபெயரில் எழுதப்பட்டு 1948இல் வெளிவந்த ஆங்கில நாவலே அதற்கு மூலம். இலங்கைத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் இங்கிலாந்தில் ஒரு பெண்ணை மணந்து தம் பங்களாவுக்கு அழைத்து வருகிறார். அந்த மாளிகையைக் கட்டியவர் அவருடைய காலஞ்சென்ற தகப்பனார். தலைமுறை தலைமுறையாக யானைகள் தண்ணீருக்குச் சென்ற பாதையின் குறுக்கே, யானைகளுக்குச் சவால் விடுவதுபோல் அதைக் கட்டியிருந்தார். அவர் இறந்தும் வீட்டில் அவருடைய ஆட்சிதான். மகன் தகப்பனின் நினைவுக்கு அடிமை. வேலைக்காரர் தலைவர் அப்புகாமியும் செத்த எசமானையே சேவிக்கிறார். இரவெல்லாம் குடியும் கூத்துமாக நண்பர்கள் கூடுகிறார்கள்.

புதிதாக வந்த துரைசாணிக்கு அந்த வீட்டில் இடமில்லை. தனிமையில் வாடும் அவளிடம் தோட்டத்து அதிகாரி ஒருவர் அன்பு காட்டுகிறார். அவருடன் போய்விடவும் அவள் துணிகிறாள். அவ்வேளையில் தோட்டத்தில் வாந்திபேதி பரவுகிறது. அவள் போகாமல் நின்று நோயாளிகளைப் பராமரிக்கிறாள். இறுதியில் யானைகள் மதிலை உடைத்துக்கொண்டு வருகின்றன. தடுக்கப்போன அப்புகாமி உயிரிழக்கிறார். பங்களா எரிந்து அழிகிறது. கணவனும் மனைவியும் எல்லாவற்றையும் இழந்து, ஒருவரை ஒருவர் மீண்டும் பெற்றுக்கொள்கிறார்கள்.

மாத்தளையில் வாழும் நமக்கு இக்கதை அந்நியமானதன்று. யானை நடக்கும் வழியில் வீடோ வயலோ வைத்தால் என்ன நேரும் என்பதைத் தம்புள்ளை, சீகிரியா, கலேவெலைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. வாந்திபேதியும் அப்படியே. கோப்பிக் காலத்தில் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளை, நாலந்தை ஊடாக மாத்தளையை வந்தடைந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். 1880இல்தான் மாத்தளைக்கு இரயில் வந்தது. படத்தில் அந்த நோய் கதையின் ஒரு திருப்பம் மட்டுமே. நமக்கோ அது பாட்டன் பாட்டி காலத்துத் துயரம்.

மலையில் பிறந்த குழந்தை

விவியன் மேரி ஹார்ட்லி 1913 நவம்பர் 5ஆம் நாள் டார்ஜிலிங் நகரில் பிறந்தார். அதுவும் ஒரு தேயிலை மலையே. தந்தை எர்னஸ்ட் ஹார்ட்லி கல்கத்தாவில் தரகுத் தொழில் செய்த ஆங்கிலேயர். தாய் கேர்ட்ரூட் அம்மையார் ஆழ்ந்த கத்தோலிக்க பக்தி உடையவர். முதல் உலகப் போர்க் காலத்தில் தந்தை பெங்களூரில் படைப்பணி செய்ய, தாயும் மகளும் உதகமண்டலத்தில் சிலகாலம் வாழ்ந்தனர். மூன்று வயதிலேயே அக்குழந்தை மேடையேறிப் பாட்டு ஒப்புவித்தது.

1920இல் பெற்றோர் அவரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், ரோஹாம்டன் என்னுமிடத்தில் திரு இருதயக் கன்னியர் நடத்திய பாடசாலையில் சேர்த்தனர். அப்போது அவருக்கு வயது ஆறு. தாய் இந்தியா திரும்பினார். ஏங்கிப்போன அச்சிறுமிக்கு ஒரு பூனைக்குட்டியை வைத்துக்கொள்ள அருட்சகோதரிகள் இடம் கொடுத்தார்களாம். பிற்காலத்தில் டார்சான் படங்களில் நடித்துப் புகழ்பெற்ற மொரீன் ஓ சலிவன் அங்கு அவருடைய தோழி. தான் ஒருநாள் பெரிய நடிகையாவேன் என்று விவியன் அவரிடம் அப்போதே சொல்லியிருந்தார்.

முதல் திருமணம்

1932 டிசம்பர் 20ஆம் நாள், பத்தொன்பதாம் வயதில், லீ ஹோல்மன் என்ற வழக்கறிஞரை விவியன் லண்டன் புனித யாகப்பர் ஆலயத்தில் கத்தோலிக்க முறைப்படி மணந்தார். மணமகன் அவரைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர், அமைதியானவர். மறு ஆண்டு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கணவரின் பெயரிலிருந்தே 'லீ' என்பதைத் தம் மேடைப் பெயராக எடுத்துக்கொண்டார்.

1935இல் ஒரே நாடகத்தால் அவர் பெயர் லண்டன் எங்கும் பரவியது. அதன் பிறகு லோரன்ஸ் ஒலிவியர் என்ற பெரும் நடிகருடன் பழக்கம் ஏற்பட்டது. ஒலிவியரும் மணமானவர், ஆண் குழந்தை ஒன்றுக்குத் தகப்பன். ஒரு படத்தில் சேர்ந்து நடித்தபோது நட்பு காதலாயிற்று. 1937இல் இருவரும் தத்தம் வீட்டைவிட்டு வெளியேறினர்.

இதை நாம் மழுப்பத் தேவையில்லை. தேவாலயத்தில் கொடுத்த வாக்கு அங்கு முறிக்கப்பட்டது. இரண்டு குழந்தைகள் அதன் விலையைக் கொடுத்தார்கள். விவியனின் மகள் தந்தையின் பொறுப்பில் வளர்ந்தாள். 1940இல் நீதிமன்றங்கள் மணமுறிவு வழங்கின. அவ்வாண்டு ஓகஸ்ட் 31ஆம் நாள் கலிபோர்னியாவில் இருவரும் அரச முறைப்படி மணம்புரிந்தனர். அவருடைய தாயின் திருச்சபையின் கண்ணில் முதல் திருமணம் அப்படியே இருந்தது.

புகழின் உச்சியில்

இதற்கிடையில் 1939இல் வெளிவந்த 'கோன் வித் த விண்ட்' என்ற படம் அவரை உலக நடிகையாக்கியது. முதல் ஒஸ்கார் விருதும் கிடைத்தது. 1940இல் 'வோட்டர்லூ பிரிட்ஜ்' வெளியானது. போரில் காதலன் இறந்தான் என்ற செய்தி கேட்டுத் துயரத்தால் நிலைகுலைந்து, வறுமையில் வழிதவறும் ஒரு பெண்ணின் கதை அது. காதலன் உயிரோடு திரும்பி வருகிறான். அவளால் தன்னைத் தானே மன்னிக்க முடியவில்லை. தாம் நடித்த படங்களுள் விவியனுக்கு மிகப் பிடித்தது இதுவே.

அக்கால ஹொலிவூட் படங்களுக்கு ஓர் ஒழுக்கக் கோவை இருந்தது. 1930இல் அதை வகுத்தவர்களுள் தானியேல் லோர்ட் என்ற இயேசு சபைக் குருவும் ஒருவர். திருமணத்தின் புனிதத்தைத் திரையில் கேலி செய்யலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. ஆகவே அந்நாளையப் படங்களில் சோதனைக்குள்ளான மனைவி பெரும்பாலும் கணவனிடம் திரும்புவாள். திரையில் அப்படி முடிந்த கதைகளில் நடித்தவர்களின் சொந்த வாழ்வு அப்படி முடியவில்லை.

நோய்

1944இல் கருவுற்றிருந்த விவியன், படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது குழந்தையை இழந்தார். அத்துயரத்தின் பின் அவரிடம் ஒரு மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. சில நாட்கள் தூக்கமின்றி, ஓயாத உற்சாகத்தோடு இருப்பார். பிறகு இருளில் விழுந்தவர்போல் சோர்ந்துபோவார். அதன்பின் வெறிகொண்டதுபோல் சீறுவார். சீற்றம் அடங்கியபின் நடந்தது எதுவும் நினைவிராது. பிறர் சொல்லக் கேட்டு வெட்கப்பட்டு வருந்துவார். இருதுருவ மனநோய் என்று இன்று மருத்துவர்கள் அழைக்கும் நோய் அது. அதே காலத்தில் நுரையீரலில் சயரோகமும் பற்றியிருந்தது.

1947இல் ஒலிவியர் 'சேர்' பட்டம் பெற்றதும் விவியன் 'லேடி ஒலிவியர்' ஆனார். வெளியுலகுக்கு அவர்கள் எடுத்துக்காட்டான தம்பதிகள். 1949இல் லண்டன் மேடையில் மனம் பேதலித்துப்போகும் ஒரு பெண்ணாக, 'எ ஸ்ரீட்கார் நேம்ட் டிசையர்' நாடகத்தில் 326 தடவைகள் நடித்தார். 1951இல் அது படமாகி, அவருக்கு இரண்டாவது ஒஸ்காரைத் தந்தது. இரவுக்கிரவு அந்தப் பாத்திரத்தை ஏற்று நடித்தது நோயுற்ற மனத்துக்குப் பெரும் சுமையாயிற்று.

அந்நிலையில்தான் 1953இல் இலங்கைக்கு வந்தார். கணவராக நடித்தவர் பீட்டர் பின்ச் என்ற ஆஸ்திரேலிய நடிகர். சில வாரங்களில் நோய் முற்றியது. பின்ச்சின் மீது தகாத பற்றும் உண்டாயிற்று. படக்குழுவினர் ஹொலிவூட் திரும்பிய பின் அவரால் நடிக்கவே முடியவில்லை. பரமவுண்ட் நிறுவனம் எலிசபெத் டெய்லரை அமர்த்தியது. ஒலிவியர் விவியனை இங்கிலாந்துக்குக் கூட்டிச் சென்று மருத்துவமனையில் சேர்த்தார். 1954இல் வெளிவந்த அப்படத்தில் இலங்கையில் எடுத்த சில தூரக் காட்சிகளில் தெரிபவர் விவியனே என்பர்.

ஆயினும் அவர் விழுந்தே கிடக்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், தமது நாற்பதாவது பிறந்த நாளன்று, லண்டனில் மீண்டும் மேடையேறினார்.

முடிவு

1956இல் இன்னொரு கருவும் சிதைந்தது. 1960இல் ஒலிவியரும் மணமுறிவு பெற்று, மறு ஆண்டு வேறொருவரை மணந்தார். முதற் கணவர் லீ ஹோல்மனோ அவருக்குக் கடைசிவரை நல்ல நண்பராகவே இருந்தார். தம்மை விட்டுப்போன பெண்ணின் மீது அவர் பகை பாராட்டவில்லை. இறுதி ஆண்டுகளில் ஜாக் மெரிவேல் என்ற நடிகர் உடனிருந்து பார்த்துக்கொண்டார்.

மின்னதிர்ச்சிச் சிகிச்சைகளைத் தாங்கிக்கொண்டே விவியன் நடித்துவந்தார். 1967இல் சயரோகம் திரும்ப வந்தது. அவ்வாண்டு ஜூலை 7ஆம் நாள் இரவு, விடியுமுன், லண்டன் வீட்டில் உயிர்நீத்தார். வயது 53. புற்றுநோய்க்கு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த ஒலிவியர் எழுந்து வந்து அஞ்சலி செய்தார். லண்டன் நாடக அரங்குகள் ஒரு மணி நேரம் விளக்கை அணைத்தன. கடோகன் வீதிப் புனித மரியாள் ஆலயத்தில் கத்தோலிக்க முறைப்படி இறுதிச் சடங்கு நடைபெற்றது. குழந்தையாகத் தன்னிடம் வந்த மகளைத் திருச்சபை தன் ஆலயத்திலிருந்தே வழியனுப்பி வைத்தது.

நம் சிந்தனைக்கு

இந்த வாழ்வைக் கேட்டதும் நம்மில் சிலர், செய்த பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்லிவிடக்கூடும். அப்படிச் சொல்வது பெருந்தவறு. பிறவிக் குருடனைக் கண்டு, யார் செய்த பாவம் இது என்று சீடர்கள் கேட்டபோது, ஆண்டவர் அவனையும் குற்றம் சாட்டவில்லை, அவன் பெற்றோரையும் குற்றம் சாட்டவில்லை. விவியன் லீயின் வாழ்வில் இரண்டு காரியங்கள் உண்டு. ஒன்று, அவராகத் தேர்ந்துகொண்டது. கணவனையும் குழந்தையையும் விட்டுச் சென்றதற்கு அவர் பொறுப்பாளி. மற்றொன்று, அவர் தேர்ந்துகொள்ளாதது. மனநோய் அவரைக் கேட்டு வரவில்லை. சயரோகம் எப்படியோ அதுவும் அப்படியே. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறவர் பாவத்தையும் சரியாக அறியமாட்டார், நோயாளிக்கும் உதவமாட்டார்.

நம் வீடுகளில் இக்குழப்பம் இன்றும் உண்டு. தூங்காமல் பிதற்றும் மருமகளைப் பேய் பிடித்தவள் என்கிறோம். அறையைவிட்டு வெளியே வராத மகனைச் சோம்பேறி என்கிறோம். பிள்ளைகளின் கல்யாணம் தடைப்படும் என்று பயந்து நோயை மூடி மறைக்கிறோம். மந்திரிப்பவரிடம் பணத்தைக் கொட்டுகிறோம். குழந்தையைக் கருவிலே இழந்த தாயிடம், நடந்ததை மறந்துவிட்டு வேலையைப் பார் என்கிறோம். அவள் துக்கத்துக்கு நாட்கள் கொடுப்பதில்லை.

இத்தகைய நோய்க்கு லித்தியம் பயன்படும் என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட் 1949இலேயே கண்டறிந்து எழுதினார். ஆனால் அம்மருந்து உலகில் பரவலாக வழங்குவதற்கு மேலும் இருபது ஆண்டுகளாயின. அமெரிக்காவில் 1970இல்தான் அனுமதி கிடைத்தது. விவியன் அதற்கு முன்பே போய்விட்டார். இன்று நம் அரசாங்க வைத்தியசாலைகளிலும் மனநோய்க்கு மருத்துவம் உண்டு. செபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நோயாளியைத் திருத்தலத்துக்குக் கூட்டிச் செல்லும் அதே கைகள் வைத்தியரிடமும் கூட்டிச் செல்லட்டும்.

இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் என்று மணமேடையில் நாம் வாக்களிக்கும்போது, நோய் என்ற அச்சொல்லுக்குள் மனத்தின் நோயும் அடங்கியிருக்கிறது. காய்ச்சலில் கிடக்கும் மனைவிக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கும் கணவன், மனம் நொந்து கிடக்கும் மனைவியிடமும் அதே பொறுமையைக் காட்டவேண்டும். மனைவியும் கணவனுக்கு அப்படியே.

யானை வரும் பாதையை மறித்து மதில் கட்டிவிட்டு, யானையே இல்லை என்று இருந்துவிட முடியாது. துயரமும் சோதனையும் நோயும் எந்தக் குடும்பத்துக்கும் வரும். வரும் என்று அறிந்து, ஒருவர்க்கொருவர் மறைக்காமல், ஒருவரை ஒருவர் விடாமல் இருக்கும் வீடே நிலைக்கும். இந்த வாரம் நம் குடும்ப செபமாலையில், மனநோயால் வருந்துவோரையும் அவர்களைப் பராமரிப்போரையும் பெயர் சொல்லி நினைவுகூர்வோமாக.