வில்லியம் லாம்டன்

வில்லியம் லாம்டன் (இறப்பு: சனவரி 1823) என்பவர் இங்கிலாந்தைச் சேர்ந்த படை அதிகாரியும், நில அளவையாளரும் ஆவார். 1802ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய இவரது அளவைப் பணியே பின்னர் இந்தியப் பெரும் முக்கோண அளவை எனப் பெயர் பெற்றது. நிலப்படம் வரைவது மட்டும் இவரது நோக்கமாக இருக்கவில்லை. புவி எவ்வளவு பெரியது, அதன் வடிவம் யாது, நியூட்டனின் ஈர்ப்பு விதி அவ்வடிவத்தைச் சரியாக விளக்குகிறதா ஆகிய வினாக்களுக்குத் தென்னிந்தியாவிலேயே விடை காண முயன்றார். இயற்பியலின் அடிப்படைக் கருத்துகளான இயக்கம், விசை, ஈர்ப்பு, ஆற்றல் ஆகியவை தமிழகத்தின் மலைகளிலும் கோபுரங்களிலும் நேரடியாக அளந்து பார்க்கப்பட்ட வரலாறாக இவரது வாழ்க்கை அமைகிறது.

இளமைக் காலம்

லாம்டன் இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில், நார்தாலர்ட்டன் நகருக்கு அருகே எளிய குடும்பம் ஒன்றில் 1750களில் பிறந்தார். கணிதத்தில் திறமை காட்டிய அவர் 1781இல் படையில் சேர்ந்து, பின்னர் 33ஆம் படைப்பிரிவுக்கு மாறினார். வட அமெரிக்காவில், இன்றைய கனடாவின் நியூ பிரன்சுவிக் பகுதியில் பல ஆண்டுகள் பணியாற்றினார். குடியேறியோருக்கான நிலங்களை அளக்கும் பணி அங்கேதான் அவருக்கு அறிமுகமாயிற்று. ஓய்வு நேரங்களில் கணிதம், வானியல், புவியளவையியல் ஆகியவற்றைத் தாமே கற்றார். சூரிய கிரகணம் ஒன்றைக் கவனித்தபோது அவரது ஒரு கண்ணின் பார்வை பாதிக்கப்பட்டது.

இந்திய வருகையும் மைசூர்ப் போரும்

1790களின் பிற்பகுதியில் லாம்டன் தமது படைப்பிரிவுடன் இந்தியா வந்தார். அப்படைப்பிரிவின் தலைவர், பின்னாளில் வெலிங்டன் பிரபு என அறியப்பட்ட ஆர்தர் வெல்லசுலி ஆவார். திப்பு சுல்தானுக்கு எதிரான நான்காம் மைசூர்ப் போரில் (1799) லாம்டன் பங்கேற்றார். ஓர் இரவு அணிவகுப்பின்போது விண்மீன்களின் நிலையைக் கொண்டு, தமது படை தவறான திசையில் எதிரியை நோக்கிச் செல்வதை அவர் கண்டறிந்து எச்சரித்ததாகக் கூறப்படுகிறது.

இப்போரில் மைசூர்ப் படையினர் இரும்புக் குழாய்களால் ஆன ஏவுகணைகளைப் பயன்படுத்தினர். வெடிமருந்து எரிந்து உண்டாகும் வளிமம் பின்னோக்கிப் பாய, ஏவுகணை முன்னோக்கித் தள்ளப்படுகிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதியே இதன் அடிப்படை. தீபாவளிக்குச் சிவகாசியிலிருந்து வரும் ராக்கெட் வாணமும் இதே விதிப்படியே மேலெழுகிறது. வெளியேறும் வளிமம் காற்றைத் தள்ளுவதால் வாணம் உயர்வதாகப் பலர் எண்ணுவதுண்டு. இது சரியன்று, காற்றே இல்லாத இடத்திலும் ஏவுகணை இயங்கும்.

அளவைத் திட்டம்

திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பரப்பு பெருகியது. கட்டபொம்மன் 1799இலும், மருது சகோதரர்கள் 1801இலும் தூக்கிலிடப்பட்டனர். தெற்கே பாளையங்கள் அனைத்தும் கம்பெனியின் பிடிக்குள் வந்தன. புதிதாகக் கைப்பற்றிய நிலங்களை வரி வாங்கவும், படை நடத்தவும் துல்லியமாக அறிய வேண்டிய தேவை அரசுக்கு ஏற்பட்டது. இத்தேவையைப் பயன்படுத்தி, சோழமண்டலக் கரையையும் மலபார்க் கரையையும் முக்கோணங்களால் இணைக்கும் திட்டம் ஒன்றை லாம்டன் முன்வைத்தார். வெல்லசுலியின் ஆதரவுடன் சென்னை ஆளுநர் கிளைவ் பிரபு (ராபர்ட் கிளைவின் மகன்) அதற்கு ஒப்புதல் அளித்தார்.

திட்டத்தின் செலவுக்கு எதிர்ப்பும் எழுந்தது. சீரங்கப்பட்டணம் செல்ல விரும்புபவர் பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதும், அதன் இருப்பிடத்தை அளந்தறியத் தேவையில்லை என நிதிக்குழு உறுப்பினர் ஒருவர் வாதிட்டதாகக் கூறுவர். ஆனால் அளவை முடிவுகள் வேறு கதையைச் சொல்லின. சென்னைக்கும் மேற்குக் கரைக்கும் இடையே 400 மைல் எனப் பழைய நிலப்படங்கள் காட்டிய தொலைவு, உண்மையில் ஏறத்தாழ 360 மைல் மட்டுமே என்பது தெரிய வந்தது.

புவியின் வடிவமும் ஈர்ப்பும்

லாம்டனின் உள்ளார்ந்த நோக்கத்தைப் புரிந்துகொள்ள, ஐசக் நியூட்டனின் கோட்பாட்டைச் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். 1687இல் வெளியான நூலில் நியூட்டன் இயக்க விதிகளையும் ஈர்ப்பு விதியையும் தந்தார். இயங்கும் பொருள், வெளிவிசை தாக்காதவரை நேர்கோட்டில் சீரான வேகத்துடன் செல்லும். வட்டப்பாதையில் செல்ல வேண்டுமாயின் மையத்தை நோக்கி ஒரு விசை இழுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும்.

புவி 24 மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒரு முறை சுற்றுகிறது. எனவே சிவகாசியில் அசையாமல் நிற்கும் ஒருவர், உண்மையில் வினாடிக்கு ஏறத்தாழ 459 மீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறார். அவரை வட்டப்பாதையில் வைத்திருக்க ஈர்ப்பின் ஒரு சிறு பகுதி செலவாகிறது. துருவத்தில் நிற்பவருக்கு இச்செலவு இல்லை. இக்காரணத்தால் புவி நடுக்கோட்டில் புடைத்தும், துருவங்களில் தட்டையாகவும் இருத்தல் வேண்டும் என்று நியூட்டன் கணித்தார். பிரான்சின் காசினி குடும்பத்தார் தமது அளவீடுகளின் அடிப்படையில் இதற்கு நேர்மாறான கருத்தைக் கொண்டிருந்தனர். 1730களில் லாப்லாந்துக்கும் தென் அமெரிக்காவுக்கும் சென்ற பிரெஞ்சுக் குழுக்களின் அளவீடுகள் நியூட்டனின் பக்கமே சாய்ந்தன. எனினும் புடைப்பின் அளவு எவ்வளவு என்பதில் தெளிவு இருக்கவில்லை. நடுக்கோட்டை அண்டிய பகுதிகளில் நல்ல அளவீடுகள் குறைவாக இருந்ததே இதற்குக் காரணம். தென்னிந்தியா அக்குறையைத் தீர்க்கும் இடம் என்பதை லாம்டன் உணர்ந்தார்.

இன்றைய அளவீடுகளின்படி நடுக்கோட்டு ஆரம் 6378 கிலோமீட்டர். துருவ ஆரம் 6357 கிலோமீட்டர். இதன் விளைவுகளைச் சிவகாசியைக் கொண்டே விளக்கலாம்.

* ஈர்ப்பு முடுக்கம் துருவத்தில் 9.83 மீ/வினாடி², சிவகாசியில் ஏறத்தாழ 9.78 மீ/வினாடி².
* துருவத்தில் சரிசெய்யப்பட்ட சுருள்வில் தராசில், 100 கிலோகிராம் பட்டாசுப் பெட்டியைச் சிவகாசியில் நிறுத்தால் சுமார் 99.5 எனக் காட்டும். பெட்டியின் நிறை குறையவில்லை. அதன் எடையே குறைந்தது. இரு தட்டுத் தராசில் இவ்வேறுபாடு தெரியாது, ஏனெனில் எடைக்கல்லின் எடையும் அதே விகிதத்தில் குறைகிறது.
* துருவத்தில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரம், சிவகாசியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 220 வினாடிகள் பிந்தும்.

சென்னை அடிக்கோடு

முக்கோண அளவையில் ஒரு பக்கத்தின் நீளத்தை மட்டும் நிலத்தில் நேரடியாக அளந்தால் போதும். மற்றப் பக்கங்களைக் கோணங்களைக் கொண்டு கணக்கிட்டுவிடலாம். எனவே முதற்பக்கமான அடிக்கோட்டில் பிழை நேர்ந்தால் அது நாடு முழுவதும் பரவும். லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே தமது முதல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இதன் நீளம் ஏறத்தாழ 7.5 மைல் (12 கிலோமீட்டர்). பணி முடிய 57 நாட்கள் ஆயின.

அளக்கப் பயன்பட்டது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. இது முதலில் சீனப் பேரரசருக்கு அனுப்பப்பட்ட பரிசுப் பொருட்களில் ஒன்றாகும். அங்கு ஏற்கப்படாததால் கல்கத்தா வந்து சேர்ந்து, லாம்டனின் கைக்குக் கிடைத்தது. சங்கிலி தொய்ந்தால் நீளம் குறையும். மிகையாக இழுத்தால் கூடும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே அளவு விசையுடன் அது இழுத்துப் பிடிக்கப்பட்டது. வெயில் படாதவாறு மரப்பெட்டிகளில் வைக்கப்பட்டு, வெப்பமானிகள் கொண்டு வெப்பநிலையும் குறிக்கப்பட்டது. வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தால் அத்தகைய சங்கிலி மூன்றரை மில்லிமீட்டர் அளவு நீளும். ஒரு முறைக்கு இது சிறிது. 400 முறை சங்கிலி போட்டபின் பிழை ஒன்றரை மீட்டரை நெருங்கிவிடும்.

கோணங்களை அளக்க இலண்டனில் செய்யப்பட்ட பெரிய தியோடலைட்டு வரவழைக்கப்பட்டது. அரை டன் எடையுள்ள இக்கருவியை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டு சென்றனர். அது அறிவியல் கருவி எனக் கண்ட பிரெஞ்சு ஆளுநர், அதனைச் சென்னைக்கே அனுப்பிவைத்தார்.

தென் மாவட்டங்களில்

கரையிலிருந்து கரைக்குச் செல்லும் முக்கோணங்களுடன், 78ஆம் நெடுங்கோட்டை ஒட்டித் தெற்கு வடக்காக ஒரு தொடரையும் லாம்டன் அமைத்தார். இதுவே பெரும் வளைவு எனப்படும். இத்தொடர் பெங்களூரிலிருந்து கோயம்புத்தூர்ப் பகுதி வழியாகத் தெற்கே இறங்கி, கன்னியாகுமரிக்கு அருகே முடிவுற்றது. 78ஆம் நெடுங்கோடு இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் ஊடாகச் செல்கிறது. விருதுநகர் அதற்குச் சற்றே மேற்கிலும், சிவகாசி ஏறத்தாழ 77.8 பாகையிலும் அமைந்துள்ளன. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் 1920களிலும் அதன் பின்னருமே இப்பகுதியில் வளர்ந்தன. லாம்டன் காலத்தில் இது அண்மையில் பாளையக்காரர் போர் கண்டிருந்த வானம் பார்த்த பூமி.

இப்பணியில் கொடி பிடித்தோர், கருவி சுமந்தோர், மரம் வெட்டி வழி ஏற்படுத்தியோர் பெரும்பாலும் உள்ளூர் மக்களே. அவர்களது பெயர்கள் நூல்களில் இடம்பெறவில்லை. லாம்டனின் உதவியாளர்களில் சிலர், 1794இல் சென்னையில் தொடங்கப்பட்ட நில அளவைப் பள்ளியில் பயின்றவர்கள். அப்பள்ளியே வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆயிற்று.

தஞ்சாவூர் விபத்து

காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லாமையால், கருவியைக் கோயில் கோபுரங்களின் மேல் ஏற்ற வேண்டியிருந்தது. 1808இல் தஞ்சாவூர்ப் பெருங்கோயிலில் தியோடலைட்டைக் கயிறுகளால் மேலே தூக்கும்போது, அதனைச் சுவரிலிருந்து விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி ஊசலைப் போல் வீசிச் சென்று கோபுரத்தில் மோதியது. கோணங்கள் பொறிக்கப்பட்ட வட்டம் நெளிந்து போயிற்று.

அரை டன் எடையை ஒரு மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 4900 சூல் வேலை செய்யப்பட வேண்டும். இவ்வேலை அழிவதில்லை, உயரத்திலுள்ள பொருளில் நிலை ஆற்றலாகத் தங்குகிறது. விலக்கிப் பிடிக்கப்பட்ட பொருள் ஊசலாகக் கீழ்நோக்கி வீசும்போது நிலை ஆற்றலின் ஒரு பகுதி இயக்க ஆற்றலாகிறது. மோதும் கணத்தில் அந்த ஆற்றல் உலோகத்தை நெளிக்கும் வேலையைச் செய்கிறது.

இங்கிலாந்திலிருந்து வேறு கருவி வந்து சேரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை காத்திருந்தால் எதிர்ப்பாளர்கள் திட்டத்தையே நிறுத்திவிடக்கூடும். லாம்டன் கருவியுடன் தமது கூடாரத்தில் தங்கி, வட்டத்தின் சரியான அளவை மரத்தில் வரைந்து, ஆப்பு, திருகு, கப்பி ஆகியவற்றின் துணையால் நெளிந்த உலோகத்தைச் சிறிது சிறிதாக இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். இதற்கு ஆறு வாரங்கள் பிடித்தன. அதே கருவியுடன் அளவை மேலும் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

தூக்குக் குண்டின் விலகல்

ஓர் இடத்தின் அகலக்கோட்டை அறிய விண்மீன்களின் உயரம் அளக்கப்படுகிறது. இதற்குத் தலைக்கு நேர் மேலான திசை எது என்பது தெரிய வேண்டும். கொத்தனார் சுவர் எழுப்பப் பயன்படுத்தும் தூக்குக் குண்டே இங்கும் துணை. ஆனால் ஈர்ப்பு விதிப்படி எல்லாப் பொருட்களும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. அருகே பெரிய மலையோ, நிலத்தடியில் அடர்த்தி மிக்க பாறையோ இருந்தால் குண்டு நூலிழை அளவு பக்கவாட்டில் விலகும். கோணத்தில் ஒரு வினாடி விலகினால் தரையில் ஏறத்தாழ 31 மீட்டர் பிழை நேரும்.

பெங்களூர்ப் பகுதியில் தமது அளவீடுகள் எதிர்பார்த்தவாறு பொருந்தாததைக் கண்ட லாம்டன், நிலத்தடி அடர்த்தி வேறுபாடு குண்டை இழுத்திருக்கலாம் என்று கருதினார். 1855இல் ஜான் பிராட் என்பவர், இமயமலை தூக்குக் குண்டை எவ்வளவு இழுக்க வேண்டும் எனக் கணக்கிட்டார். கணக்கில் வந்தது ஏறத்தாழ 15.9 வினாடி, அளவையில் தெரிந்ததோ 5.2 வினாடி மட்டுமே. மலைகளுக்கு அடியில் அடர்த்தி குறைந்த வேர்ப்பகுதி ஆழ்ந்திருப்பதே இதற்குக் காரணம் என்று ஜார்ஜ் ஏரி அதே ஆண்டில் விளக்கினார். நீரில் மிதக்கும் கட்டையைப் போல் மலைகள் மிதக்கின்றன என்னும் சமநிலைக் கோட்பாடு இவ்வாறு உருவானது.

இறுதிக் காலம்

லாம்டன் 1817இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்வு செய்யப்பட்டார். பிரெஞ்சு அறிவியல் கழகமும் அவரைச் சிறப்பித்தது. 1818இல் அவரது பணி இந்தியப் பெரும் முக்கோண அளவை என்னும் பெயரில் நடுவண் ஆட்சியின் கீழ் வந்தது. ஜார்ஜ் எவரெசுட்டு அவருக்கு முதன்மை உதவியாளராக நியமிக்கப்பட்டார். முதுமையிலும் களப்பணியை விடாத லாம்டன், நாகபுரி நோக்கிச் செல்லும் வழியில், இன்றைய மகாராட்டிர மாநிலத்திலுள்ள இங்கன்காட் என்னும் ஊரில் 1823 சனவரியில் காசநோயால் இறந்தார். அவரது கல்லறை அங்கு உள்ளது.

தாக்கம்

லாம்டனுக்குப் பின் எவரெசுட்டு பெரும் வளைவை இமயமலை அடிவாரம் வரை, ஏறத்தாழ 2400 கிலோமீட்டர் நீளத்துக்கு நீட்டினார். இவ்வளவீடுகளின் அடிப்படையில் எவரெசுட்டு 1830இல் கணித்த புவியின் நீளுருண்டை வடிவம், இந்திய நிலப்படங்களுக்கு நெடுங்காலம் அடிப்படையாக விளங்கியது. இவ்வலைப்பின்னலைக் கொண்டே 1852இல் ராதாநாத் சிக்தர், இமயத்தின் ஒரு சிகரம் உலகிலேயே உயரமானது எனக் கணக்கிட்டார். 1865இல் அச்சிகரத்துக்கு எவரெசுட்டின் பெயர் சூட்டப்பட்டது. பணியைத் தொடங்கிய லாம்டனின் பெயர் பொதுமக்களிடையே அவ்வளவாக அறியப்படவில்லை. அவரது முதல் அடிக்கோடு தொடங்கிய பரங்கிமலையில் அவருக்கு மார்பளவுச் சிலை ஒன்று அமைக்கப்பட்டுள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

* நியூட்டனின் இயக்க விதிகள்
* ஈர்ப்பு விசை
* ஜார்ஜ் எவரெசுட்டு
* ராதாநாத் சிக்தர்
* பரங்கிமலை