ராக்கெட்டுக்கு முன்னால் ஒரு குழாய்: சாராபாயின் ஆய்வு கொடைக்கானலுக்கு வந்தது ஏன்?

விக்ரம் சாராபாய் என்றதும் தும்பாவும் ராக்கெட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், அவரை விஞ்ஞானியாக்கியது வேறொரு வேலை. விண்வெளியிலிருந்து வந்து விழும் காஸ்மிக் கதிர்த் துகள்களை, வாயு நிரப்பிய குழாய்களை வைத்து இரவு பகலாக எண்ணுகிற வேலை. அதற்கான களங்களில் ஒன்று, இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள கொடைக்கானல்.

மில் வீட்டுப் பிள்ளை

1919 ஆகஸ்ட் 12 அன்று அகமதாபாத்தில், பெரிய மில் அதிபர் வீட்டில் பிறந்தவர் சாராபாய். கேம்பிரிட்ஜில் படிக்கும்போது உலகப் போர் வந்துவிட, நாடு திரும்பினார். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சி.வி.ராமனின் மேற்பார்வையில் காஸ்மிக் கதிர் ஆய்வைத் தொடங்கினார். முதல் கட்டுரை 1942-ல் வெளியானது. அதே ஆண்டில் நடனக் கலைஞர் மிருணாளினியுடன் திருமணம். 1943-ல் கருவிகளோடு காஷ்மீர் மலையேறினார். போர் முடிந்து மீண்டும் கேம்பிரிட்ஜ் போய், 1947-ல் முனைவர் பட்டம் பெற்றார். அந்த நவம்பரிலேயே அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார்.

குழாய் எப்படி எண்ணும்?

கைகர்-முல்லர் குழாய் பார்க்க எளிமையானது. உலோக உருளை, நடுவில் மெல்லிய கம்பி, உள்ளே குறைந்த அழுத்தத்தில் ஆர்கான் மாதிரியான வாயு. இரண்டுக்கும் நடுவே சுமார் 1,000 வோல்ட் மின்னழுத்தம். துகள் ஒன்று உள்ளே பாய்ந்தால் வாயுவில் மின்துடிப்பு கிளம்பும். கொஞ்சம் ஆல்கஹால் ஆவி கலந்தால், அந்தத் துடிப்பு தானே அடங்கி, குழாய் அடுத்த துகளுக்குத் தயாராகும்.

சிக்கல் என்னன்னா, சுற்றியுள்ள மண், சுவரிலிருந்து வரும் கதிர்வீச்சையும் குழாய் எண்ணிவிடும். அதனால் குழாய்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனி வால்வில் இணைப்பார்கள். எல்லாக் குழாயும் ஒரே நொடிப்பொழுதில் துடித்தால் மட்டுமே கணக்கு ஏறும். இத்தாலியின் புரூனோ ரோஸி 1930-ல் காட்டிய வழி இது.

கொடைக்கானல் ஏன்?

சாராபாய் தேடியது, சூரியனால் காஸ்மிக் கதிர் ஒரே நாளுக்குள் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை. அந்த மாற்றம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியம் வேண்டுமென்றால், 10 லட்சம் துகள்களை எண்ண வேண்டும். இதற்கிடையே மின்னழுத்தம் லேசாக நகர்ந்தாலும் போச்சு. சர்க்யூட்டின் கோளாறு சூரியனின் மாற்றம் மாதிரி தெரியும். காற்றழுத்தம் ஏறினால் எண்ணிக்கை குறையும், அதையும் கழிக்கணும்.

இடமும் முக்கியம். பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில், ஆற்றல் குறைந்த துகள்களைக் காந்தப்புலமே திருப்பி அனுப்பிவிடும். ஆற்றல் மிக்கவை மட்டும்தான் தரைக்கு வரும். கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி, வத்தலக்குண்டு தாண்டி மலையேறினால், சுமார் 2,100 மீட்டர் உயரம். மேலே காற்றுப் போர்வையும் மெலிது. 1901 முதல் சூரியனைப் பார்த்துவரும் வானாய்வகமும் அங்கேயே இருக்கிறது. கடல்மட்டத்தில் திருவனந்தபுரம், மலைமேல் கொடைக்கானல், வடக்கே அகமதாபாத், குல்மார்க் என்று அவருடைய ஆய்வுக்கூடத்தின் நிலையங்கள் அமைந்தன. ஒப்பிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

குழாயிலிருந்து ராக்கெட்டுக்கு

தரையிலிருந்து எண்ணினால் நடுவில் காற்று மண்டலம் குறுக்கிடும். கருவியை மேலே அனுப்புவதுதான் அடுத்த படி. தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதே காந்த நடுக்கோடுதான் காரணம். 1963 நவம்பர் 21-ல் அங்கிருந்து முதல் ராக்கெட் பாய்ந்தது. 1971 டிசம்பர் 30-ல், தும்பாவுக்கு அருகிலுள்ள கோவளத்தில் சாராபாய் காலமானார். வயது 52.