ஏழைச் சிறுவன் கையில் எழுந்த கோட்டை

மூன்று மாநிலங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் எல்லைச் சீமை நமது வேப்பனப்பள்ளி. ஓசூர் ஆலைக்குப் போகிறோம். பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகிறோம். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிள்ளை குட்டிகளோடு பிழைக்க வருகிறார்கள் நம்மைப் போன்ற பாட்டாளிகள். ஆள் நடக்கும் பாதையில்தான் நோயும் நடக்கிறது. அதை மறித்து நிறுத்த எந்த எல்லையிலும் சோதனைச் சாவடி கிடையாது. அப்படியானால் எதைக்கொண்டு மறிப்பது? அதற்கு வழி கண்டவர் எட்வர்டு ஜென்னர். அவர் வரலாற்றை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1749-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள், இங்கிலாந்தில் பெர்க்லி என்ற சிற்றூரில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தார் ஜென்னர். ஐந்து வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். அந்நாளில் பெரியம்மைக்கு அரண்மனையும் ஒன்றுதான், குடிசையும் ஒன்றுதான். அம்மைக் கொப்புளத்தின் சீழையே எடுத்து, நலமாயிருப்பவர் உடலில் ஏற்றி, நோயை இலேசாக வரவழைக்கும் முறை ஒன்று இருந்தது. சிறுவன் ஜென்னருக்கும் அதைச் செய்தார்கள். பட்டினி போட்டார்கள், தொழுவத்தில் அடைத்தார்கள். அவர் பிழைத்தார். பிழைக்காமல் போனவர்களும் உண்டு.

இலண்டனில் ஜான் ஹண்டர் என்ற பெரும் அறுவை மருத்துவரிடம் பயின்றார். தலைநகரிலே தங்கிப் பொருள் குவித்திருக்கலாம். ஆனால் தம் சிற்றூருக்கே திரும்பினார். அங்கே பால் கறக்கும் பெண்களிடையே ஒரு நம்பிக்கை உலவியது: மாட்டம்மை கண்ட கைக்குப் பெரியம்மை வராது! படித்தவர்கள் அதைப் பாமரர் பேச்சென்று தள்ளினார்கள். 1774-லேயே ஒரு விவசாயி அதை நம்பித் தன் மனைவி மக்களுக்கு மாட்டம்மைப் பாலை ஏற்றியும் இருந்தார். ஜென்னர் அந்தப் பேச்சைத் தள்ளவில்லை, சோதித்துப் பார்த்தார்.

1796 மே 14. சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கைப் புண்ணிலிருந்து எடுத்ததை ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனின் கையில் ஏற்றினார். யார் அந்தச் சிறுவன்? பிரபுவின் பிள்ளையா? இல்லை, ஏழைக் கூலித் தொழிலாளியின் பிள்ளை! ஜூலை மாதம் அவனுக்குப் பெரியம்மைச் சீழையே ஏற்றினார். நோய் வரவில்லை. பிழைத்தது பையன் மட்டுமா? உலகமே பிழைத்தது. ஆயினும் ஆபத்தைச் சுமந்தது ஏழையின் பிள்ளை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1798-ல் தம் ஆராய்ச்சியைச் சொந்தச் செலவில் நூலாக வெளியிட்டார். கேலிச் சித்திரங்கள் எழுந்தன. அம்மை குத்திக்கொண்டவருக்கு மாட்டுக் கொம்பு முளைக்கும் என்றுகூடப் பயமுறுத்தினார்கள். அவர் அசரவில்லை. தம் தோட்டத்துக் குடிலிலேயே ஏழைகளுக்கு இலவசமாக அம்மை குத்தினார். 1802 ஜூன் 14-ஆம் நாள் பம்பாயில் ஆனா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அது பலித்தது. குளிர்பெட்டி இல்லாத காலம் அது. குழந்தையின் கையிலிருந்து இன்னொரு குழந்தையின் கைக்கு மாற்றி மாற்றியே மருந்து ஊர் ஊராகப் போயிற்று. 1803-ல் ஸ்பெயினிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்கு அது சென்றதும் 22 அனாதைச் சிறுவர்களின் கைகளில்தான்!

ஒருமுறை குத்தினால் ஆயுள் முழுதும் காவல் என்று ஜென்னர் நம்பினார். அது பிழை, மறுபடியும் குத்த வேண்டுமெனப் பின்வந்தோர் கண்டனர். 1823 ஜனவரி 26-ல் அவர் மறைந்தார். 1977-ல் இந்தியா பெரியம்மையிலிருந்து விடுபட்டது. 1980-ல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. 2014-ல் இளம்பிள்ளை வாதமும் நம் நாட்டைவிட்டு ஒழிந்ததென்று சான்று கிடைத்தது.

ஆனால் தட்டம்மை இன்னும் ஒழியவில்லை. அது காற்றில் பரவும் நோய். காப்பில்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடுவார். ஆகவே நூற்றுக்கு 95 பேருக்குக் காப்பு இருந்தால்தான் நகரம் தப்பும். பெங்களூரோ சென்னையோ, நகரம் முழுவதற்கும் கணக்குப் போட்டு 95 வந்துவிட்டால் மட்டும் போதாது. ஒரு சேரியில் 60 பேருக்குத்தான் காப்பு என்றால் தீ அங்கே பிடிக்கும். 2022-ல் பம்பாயில் நடந்தது அதுதான். கோவண்டி போன்ற குடிசைப் பகுதிகளில் தட்டம்மை பரவிற்று, பிள்ளைகள் மாண்டார்கள். நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் ஊசி போடப்படாத பிள்ளைகள்.

ஒன்பது மாதம் நிரம்பாத சிசுவுக்கு இந்த ஊசியை வழக்கமாகப் போடுவதில்லை. சுற்றியிருக்கும் பிள்ளைகளின் காப்புதான் அதற்குக் கோட்டைச் சுவர். நம் பிள்ளைக்குப் போடும் ஊசி அடுத்த வீட்டுத் தொட்டிலையும் காக்கிறது.

தோழர்களே! பால்காரியின் அனுபவத்தில் பிறந்து, கூலிக்காரன் மகன் கையில் வளர்ந்து, அனாதைகளின் கைகளில் கடல் கடந்தது இந்தக் காவல். அது ஏழையின் வீட்டுக்குக் கடைசியாக வருவது நியாயமா? அரசு இலவசமாகவே போடுகிறது: ஒன்பதாம் மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயதையொட்டி மற்றொன்று. இரண்டாவதைத் தவறவிடலாகாது. நம் பிள்ளையின் அட்டையை இன்றிரவே எடுத்துப் பார்ப்போம். நாளை, அடுத்த கொட்டகையில் குடியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளியின் பிள்ளையையும் சுகாதார நிலையத்துக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்வோம். அந்தப் பிள்ளையை விட்டுவிட்டால், நம் கோட்டையில் ஓட்டை விட்டவர்கள் நாமே!