கலாயோகியும் கண்டியும்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் பெயரை அறியாதார் நம்மிடையே அரியர். ஆயினும், அவர் தமிழ் வழங்காத வீட்டிலே வளர்ந்த பிள்ளை என்பதை நம் இளைஞர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

1877 ஆகஸ்டு 22-ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி, சட்டநிரூபண சபையில் அமர்ந்தவர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலமாக்கியவர். தாய் எலிசபெத் அம்மையார் ஆங்கில மாது. தாயும் குழந்தையும் முன்னரே இங்கிலாந்து சென்றிருந்தனர். பின்னர் புறப்படவிருந்த தந்தையார், 1879-இல், கப்பலேற வேண்டிய நாளிலேயே காலமானார். அவருடைய மொழியும் கோயிலும் சுற்றமும் மகனுக்கு எட்டாமற் போயின. குமரப் பருவம் முழுவதும் இங்கிலாந்திலே கழிந்தது. முதலில் வைக்கிளிவ் கல்லூரி; பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே தாவரவியலும் புவிச்சரிதவியலும். தாம் யார் என்ற வினாவுக்கு அப்படிப்பு அரைவிடையே தந்திருக்கும்.

1903-இல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராகிக் கண்டியில் தங்கினார். கற்களைத் தேடியே கிராமங்களில் நடந்தார். தோரியனைற்று என்னும் கனிப்பொருளையும் கண்டறிந்தார். போகும் வழியெல்லாம் விகாரைச் சுவரோவியங்களும், பித்தளை வேலையும், தந்தச் செதுக்கலும், பாய் முடைவோரின் விரல்களும் அவர் கண்ணை நிறுத்தின. அத்தொழில்களோ நலிந்துகொண்டிருந்தன. மேனாட்டு உடையும் நடையுமே மேலென்று கருதும் வழக்கம் நாட்டிலே பெருகியது. தாய்வழியில் ஆங்கிலேயரான இவருக்கன்றோ அது உறுத்திற்று! 1905-இல், இரவல் இறகுகள் எனப் பொருள்படும் சிறு பிரசுரமொன்றைக் கண்டியிலேயே அச்சிட்டார். பழைய கட்டடங்களைக் காக்குமாறு கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்துக்குத் தலைமை தாங்கி, பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வேண்டுமென வாதாடினார். தமக்குக் கிடையாத பொருளின் அருமை அவருக்குத் தெரியும்.

கண்டிக் கைவினைஞரைப் பற்றிய அவரது மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் நூல் 1908-இல் வெளிவந்தது. 425 பிரதிகளே அச்சாயின. அயலாரின் கலையைப் போற்றியதால் அவருடைய தமிழ்மை குறைந்ததோ? நடராசர் திருக்கூத்தின் தத்துவத்தை மேனாட்டாருக்கு விளக்கியவரும் அவரே. ஒன்று மட்டும் கூடவில்லை. இளமையிலே காதில் விழாத தமிழ், அவருக்கு எழுத்து மொழியாகவில்லை. பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதினார். பிள்ளைகளோடு ஆங்கிலமே பேசும் பெற்றோர் இதனைச் சற்று நினைப்பாராக.

1917 முதல் பொஸ்தன் நுண்கலைக் காட்சிச்சாலையிற் பணியாற்றினார். 1947-இல், தமது எழுபதாம் பிறந்த நாளன்று, இந்தியாவுக்குத் திரும்பி வாழப்போவதாக நண்பர்களுக்கு அறிவித்தார். பதினெட்டு நாட் கழித்து, செப்டெம்பர் 9-ஆந் தேதி, அமெரிக்காவிலேயே காலமானார்.